சாலையோரம் குப்புறப் படுத்திருந்தேன்

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில், ஒரு டீக்கடைக்குப் பக்கத்து வேப்பமர நிழலில், நான் குப்புறப் படுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. மூக்குக்கு நேரே ஒரு நசுங்கிய காகிதக் கப் கிடந்தது. அதன் விளிம்பில் ஒட்டியிருந்த சர்க்கரையை எறும்புகள் சுற்றிச் சுற்றி வந்தன. எண்ணெயில் வடை விழும் சத்தம் கேட்டது. தலையில் இன்னும் ஹெல்மெட். கழற்ற மறந்துவிட்டேன்.

அதுதான் தப்பாகப் போயிற்று.

"யப்பா! லேடீஸ்பா! அடிபட்டுக் கீதுபா!" என்று சாலையிலிருந்து ஒரு குரல். ஒரு ஷேர் ஆட்டோ கிறீச்சென்று நின்றது. செருப்புகள் ஓடி வந்தன.

"தண்ணி கொண்டா, தண்ணி கொண்டா."

"தூக்காத. முதுகெலும்பு போயிருந்தா பேஜாரா பூடும்."

"வண்டி எங்க?"

"தோ, ஸ்டாண்ட் போட்டு நிக்குது பாரு."

"வுழுந்த வண்டி எப்டிப்பா ஸ்டாண்ட்ல நிக்கும்?"

நியாயமான கேள்வி. கூட்டம் வண்டியின் பக்கம் திரும்பியது. அந்த நேரத்தில் நான், எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, இடுப்பு நகராமல் நெஞ்சை மட்டும் மெதுவாக மேலே தூக்கினேன்.

"எழுந்துக்கப் பாக்குதுபா! படும்மா, படு, ஆம்புலன்ஸ் வருது!" என்று யாரோ என் தோளைப் பிடித்து மெல்லக் கீழே அழுத்தினார்கள். நான் மறுபடி தூக்கினேன். அவர்கள் மறுபடி அழுத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் நான் சிரிப்பது வெளியே அழுகை மாதிரி கேட்டிருக்க வேண்டும். "வலில அழுவுது பாவம்" என்றார் ஒருவர்.

நான் அங்கே எப்படிப் போய்ப் படுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பைக் மிஸ்

இந்தத் தொடரை வாசித்து வருபவர்களுக்கு என்னைப் பள்ளிக்கூட டீச்சராகத் தெரியும். வீடு சிட்லபாக்கம். பள்ளிக்கரணையில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இத்தனை வாரமாகப் பிள்ளைகளைப் பற்றியே எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. சாந்தி என்ற என் பெயர் பள்ளியில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு நான் 'பைக் மிஸ்'.

ஸ்கூட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோல் டாங்க்கை முழங்கால்களால் அணைத்துக்கொண்டு, காலால் கியர் போட்டு ஓட்டுகிற கறுப்பு மோட்டார் சைக்கிள். முந்நூற்றைம்பது சிசி. ஸ்டார்ட் செய்தால் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும்.

நான் வளர்ந்தது மாடம்பாக்கம். அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது தன் வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனான். "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வை, இல்லேன்னா பேட்டரி செத்துடும்" என்று என்னிடம் சொன்னான். ஸ்டார்ட் செய்தேன். அடுத்த வாரம் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன். அதற்கும் அடுத்த வாரம் சிவன் கோயில் தெருக்களில் ஒரு சுற்று. திரும்பி வந்தபோது அப்பா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தாவணி சக்கரத்துல மாட்டிக்கும். ரெண்டு சுடிதார் தெச்சுக்க" என்றார்.

என்னைப் பெண் பார்க்க வந்த ரகு, காபியைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "வெளியில நிக்குதே, அந்த வண்டி யாருது?"

"அண்ணனுது. ஆனா நான்தான் ஓட்டுறேன்."

கூடத்தில் இருந்த எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரு வாய் காபி குடித்தார். "அப்பாடா. எனக்கு சைக்கிள்கூட வராதுங்க" என்றார்.

அன்று முதல் அவர் என் பின் சீட்டில்; பிறகு நானே வாங்கிய இந்த வண்டியிலும். காலையில் என் பள்ளி வாசலில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வேளச்சேரியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போவார். மாலையில் அதே வாசலுக்கு வந்துவிடுவார். சேர்ந்து வீடு திரும்புவோம். பார்க்கிறவர்கள் சிரிப்பதுண்டு. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. "டிரைவர் வெச்சுக்கிட்டவன் யாராவது வெட்கப்படுவானா?" என்பார்.

கட்டைவிரல் கேட்கவில்லை

சில மாதங்களாகவே இடது பக்கம், இடுப்புக்குக் கீழே ஒரு இழுப்பு இருந்தது. ஸ்டாஃப் ரூம் நாற்காலி மேல் பழியைப் போட்டிருந்தேன். பிறகு தலையணை மேல். பிறகு வயது மேல்.

மழை பெய்து விட்டிருந்த ஒரு காலை. மேடவாக்கம் சிக்னலில் பச்சை விழுந்தது. முதல் கியரில் கிளம்பி, இரண்டாவதுக்கு மாற்ற இடது காலின் நுனியால் லிவரைத் தூக்க வேண்டும். கட்டைவிரலுக்குச் சொன்னேன். அது கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அப்போதுதான் இடுப்பிலிருந்து தொடையின் பின்புறமாக, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை ஒரு மின்சாரம் இறங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

"என்னாச்சு?" என்றார் ரகு.

"கால் வரலைங்க. இறங்குங்க."

அவர் குதித்து இறங்கி, என்னை ஒரு மூடியிருந்த கடையின் படியில் உட்காரவைத்துவிட்டு, அந்தக் கனமான வண்டியைத் தானே ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். சைக்கிள் வராத மனிதர். ஹேண்டில் ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் போக, சட்டையெல்லாம் சேறு. வலியை மீறி எனக்கு அந்தக் காட்சிதான் இன்னும் நினைவில் நிற்கிறது.

குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். கீழ்முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. "கட்டைவிரலைத் தூக்குங்க, நான் அழுத்துறேன். விடாதீங்க" என்றார். அவர் ஒரே விரலால் அழுத்தினார். என் கட்டைவிரல் உடனே தோற்றுப்போனது.

"ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். மருந்து, பிசியோதெரபி. முக்கால்வாசிப் பேருக்கு மெல்ல மெல்லத் தானே அடங்கிடும். ஆனா கால் இன்னும் பலவீனமானாலோ, யூரின் போறதுல சிக்கல் வந்தாலோ, மறுநாள்னு தள்ளிப்போடாம அன்னிக்கே ஓடி வரணும்."

"வண்டி, டாக்டர்?"

"நான் சொல்ற வரைக்கும் தொடக் கூடாது."

"அதுக்கப்புறம்?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அதை உங்க கட்டைவிரல் சொல்லட்டும்."

அந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நரம்பு வலி வந்தவர்களுக்கு அது தெரியும். வராதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. உட்கார முடியாது. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டேன். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். பள்ளிக்கு விடுப்பு போட்டும் பரீட்சைத் தாள்கள் வீட்டுக்கு வந்தன. கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து, தலையணையை நெஞ்சுக்குக் கீழே வைத்துத் திருத்தினேன். அந்த முறை எல்லோருக்கும் மதிப்பெண் தாராளம். தரைமட்டத்தில் கிடக்கிறவளுக்கு யாரையும் ஃபெயிலாக்க மனம் வராது.

விலை கேட்டு வந்தவர்

பத்மா அண்ணி ரகுவின் அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு. கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். நான் படுத்த நாள் முதல் தினமும் தூக்குச்சட்டியில் ரசம் கொண்டுவந்தார். ரசம் அருமையாக இருக்கும். கூடவே வந்த அறிவுரைதான் கொஞ்சம் காரம்.

"அம்பது வயசாச்சு சாந்தி. இனிமேலும் அந்த எருமையைக் கட்டி மேய்க்கணுமா? நானும் பொம்பளைதான். நான் எதையாவது ஓட்டினேனா? பஸ்ல போனேன், வந்தேன். முதுகு கல்லு மாதிரி இருக்கு."

கோபம் வரும். ஆனால் அவர் என் காலை மடியில் வைத்துக்கொண்டு பாதத்தை நீவிக்கொண்டே சொல்லும்போது எப்படிக் கோபப்படுவது?

ஒரு நாள் மதியம், கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு கூடத்தில் மல்லாந்து கிடந்தேன். வாசலில் பேச்சுக் குரல். அண்ணி யாரையோ கூட்டிவந்திருந்தார். "நல்லா வெச்சிருந்த வண்டிப்பா. லேடி ஓட்டினது, ஒரு கீறல் கிடையாது." அடுத்து என் வண்டியின் சத்தம். வாங்க வந்தவர் ஸ்டார்ட் செய்து, கியர் போடாமல் நின்றபடியே ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்த்தார்.

அந்தச் சத்தத்தை நான் எப்போதும் சீட்டின் மேலிருந்துதான் கேட்டிருக்கிறேன். தரையில் கிடந்து கேட்டபோது, அது முதுகுத் தண்டின் வழியாக உள்ளே வந்தது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. புரளக்கூட முடியவில்லை.

ரகு வெளியே போனார். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தம்பி, சாவியைக் குடுங்க" என்று அவர் சொல்வது கேட்டது. இஞ்சின் நின்றது.

"ஏன் சார், விலை பேசலாம்னு..."

"வண்டியோட ஓனர் உள்ள படுத்திருக்காங்க. எழுந்து வந்து ஓட்டுவாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க."

"டேய் ரகு, அவ நடக்கறதுக்கே..." என்று அண்ணி ஆரம்பித்தார்.

"ஓட்டுவாக்கா."

அவ்வளவுதான். உள்ளே வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, அடுப்படிக்கு மோர் கலக்கப் போய்விட்டார். அண்ணி மூன்று நான்கு நாட்கள் வரவில்லை. ரசம் மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் மூலமாக வந்தது.

முதுகில் தூங்கியவர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் பிரதீபா என்றொரு பிசியோதெரபிஸ்ட். எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது, இடுப்பை மடக்காமல் குனிவது, வயிற்றைப் பிடித்து வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பழக்கினாள். "வலி கால்லேர்ந்து ஏறி இடுப்புக்கு வந்தா சந்தோஷப்படுங்க மேடம். கீழே இறங்கினா உடனே நிறுத்திடுங்க" என்றாள். அது எனக்குப் பிடித்த கணக்கு. வலி எவ்வளவு என்பதை விட, எங்கே என்று பார்க்கிற கணக்கு. பாதத்தில் இருந்தது கெண்டைக்காலுக்கு ஏறியது. பிறகு தொடைக்கு. ஒவ்வொரு நிலையத்தையும் ரகுவிடம் அறிவிப்பேன். "இப்ப தொடை வந்தாச்சு." அவர் கை தட்டுவார்.

கொஞ்சம் தேறியதும் பிரதீபா ஒரு நாள் கேட்டாள். "மேடம், நீங்க வண்டியில எப்படி உட்காருவீங்கன்னு நான் பார்க்கணுமே. கொண்டு வர முடியுமா?"

எங்கள் மெக்கானிக் வண்டியை அவள் கிளினிக் வாசலுக்கு ஓட்டிவந்து நிறுத்தினார். ஸ்டாண்டில் நின்ற வண்டியில் நான் ஏறி உட்கார்ந்தேன். எத்தனை வாரம் கழித்து! டாங்க் வெயிலில் சூடாக இருந்தது. முழங்காலில் அந்தச் சூடு பட்டதும் டாங்க்கை ஒரு முறை தடவிக்கொடுத்தேன்.

பிரதீபா என்னைச் சுற்றி வந்தாள். "ஹேண்டில் தள்ளி இருக்கு. அதை எட்டறதுக்கு முதுகு வளையுது பாருங்க. அதை உயர்த்தி, பக்கத்துல கொண்டு வரணும். இந்த நோட்டு மூட்டையைத் தோள்ல மாட்டாதீங்க, வண்டி பக்கவாட்டுல பெட்டி போடுங்க." பிறகு கேட்டாள், "பின்னாடி யாரு உட்காருவாங்க?"

ரகு, வகுப்பில் பதில் தெரிந்த பையன் மாதிரி, கையைத் தூக்கினார்.

"எப்பவும் உட்கார்ற மாதிரி உட்காருங்க சார்."

அவர் ஏறினார். கைகளை என் இடுப்பைச் சுற்றிப் போட்டார். நெற்றியை என் முதுகின் நடுவில் வைத்தார். உடம்பின் முழு பாரத்தையும் என் மேல் சாய்த்தார்.

"சார்," என்றாள் பிரதீபா. பதில் இல்லை. "சார்?"

"ம்?" என்றார் ரகு, எங்கோ தொலைவிலிருந்து.

"தினமும் இப்படியா வருவீங்க?"

"காலையில இல்லம்மா. சாயங்காலம் மட்டும். ஆபீஸ் முடிஞ்சு களைப்பா இருக்கும். பள்ளிக்கரணையில ஏறினா, சிட்லபாக்கம் வந்ததும் இவ முழங்கையால ஒரு இடி இடிப்பா. எழுந்துப்பேன்."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

பிரதீபா கிளினிக் படியில் உட்கார்ந்து சிரித்தாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள்கள் மட்டும் குலுங்கின.

ரகுவின் முகம் வாடிப்போயிற்று. "என்னாலதானா?"

"அப்படி இல்ல சார். டிஸ்க் பிதுங்கறதுக்கு நூறு காரணம் இருக்கும். ஆனா இது நாம மாத்தக்கூடிய காரணம்." அவள் எழுந்து வந்து அவர் நெற்றியில் விரல் வைத்து என் முதுகிலிருந்து பின்னால் தள்ளினாள். "பின்னாடி ஒரு சாய்மானம் போட்டுக்கோங்க. மேடம் மேல சாயக் கூடாது. முக்கியமா, தூங்கக் கூடாது."

வண்டியை மெக்கானிக் எடுத்துப் போக, நாங்கள் ஆட்டோவில் திரும்பினோம். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியதும் மெல்லக் கேட்டார், "சொல்லியிருக்கலாமே சாந்தி. கனமா இருந்தா சொல்லியிருக்கலாமே."

"கனமாவே தெரியலைங்க."

அது பொய் இல்லை. டிசம்பர் மாலைகளில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து குளிர்காற்று அடிக்கும்போது, முதுகின் நடுவில் அந்த ஒரு இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. டாக்டரிடமும் பிரதீபாவிடமும் சொல்லாத விஷயத்தை இங்கே எழுதிவிட்டேன்.

இது எப்போ வந்துச்சு?

ஒருநாள் டாக்டர் மறுபடி கட்டைவிரலை அழுத்தினார். இந்த முறை அது நின்றது. நடுங்கியது, ஆனால் நின்றது. "கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிங்க" என்றார். நான் அவர் அறையிலேயே கைதட்டினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் நாள் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி ஒரே ஒரு சுற்று. ஹேண்டில் உயர்ந்து, பக்கத்தில் வந்திருந்தது. அரசனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பயம். மின்சாரம் வரவில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது கால் நடுங்கியது, அது பழக்கம் விட்டுப்போன நடுக்கம். பிறகு செம்பாக்கம் வரை. பிறகு பள்ளி வரை, நடுவில் ஒரு முறை இறங்கி நடந்துவிட்டு.

ரகு திரும்பப் பின் சீட்டில் ஏறிய முதல் மாலை. சாய்மானத்தில் முதுகை ஒட்டி, கைகளை முழங்கால் மேல் வைத்து, தேர்வு அறைக்குள் உட்கார்ந்தவர் போல வந்தார். சதுப்பு நிலத்தை ஒட்டி வந்தபோது என் தோளைத் தட்டினார்.

"சாந்தி, அது என்ன பறவை? அவ்ளோ பெரிசா?"

"கூழைக்கடா."

"எப்போ வந்துச்சு?"

"வருஷா வருஷம் வருதுங்க."

"நம்ம ரோட்டுலயா?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எனக்கும் இறங்கி நிற்கும் நேரமாகியிருந்தது. தண்ணீர் செம்பு நிறத்தில் இருந்தது. கூழைக்கடாக்கள் சின்ன ஓடங்கள் மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் குப்பை எரியும் வாசனையும், பக்கத்தில் சோளம் சுடும் வாசனையும். ரகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட அவரோடு நான் இப்படி எங்கேயும் நின்றதில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. கடல் வரை போனால் என்ன? கோவளம். வண்டலூர் போய், கேளம்பாக்கம் சாலையில் திரும்பி, கடற்கரை. அரைமணிக்கு ஒருமுறை இறங்குவது, தேவைப்பட்டால் அங்கேயே பாய் விரித்துப் படுத்து நெஞ்சைத் தூக்குவது என்ற நிபந்தனையோடு பிரதீபா ஒப்புக்கொண்டாள். "யாராவது பார்த்தா?" என்று கேட்டேன். "பார்க்கட்டுமே மேடம்" என்றாள்.

டீக்கடை வாசலில்

பார்த்தார்கள். அங்கேதான் கதையை நிறுத்தியிருந்தேன். நான் தூக்க, அவர்கள் அழுத்த, ஹெல்மெட்டுக்குள் நான் சிரிக்க, ரகு இரண்டு கைகளிலும் டீயோடு ஓடி வந்தார்.

"ஐயோ விடுங்க, விடுங்க! அது எக்சர்சைஸ்!"

"இன்னாது?"

"முதுகு வலிக்கு எக்சர்சைஸ் பண்றாங்க. ஒண்ணும் ஆகலை."

என் தோளை அழுத்திக்கொண்டிருந்தவர் ஷேர் ஆட்டோ டிரைவர். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ரகுவைப் பார்த்தார். "அட இன்னா சார் நீ! ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுக்கினு இருந்தேன்" என்றவர், கையிலிருந்த போனில் கத்தினார். "அண்ணா, வேணாம்ணா. அந்தம்மா நல்லாத்தான் கீது. எக்சர்சைஸாம். ஆமாண்ணா, ரோட்டுலதான். எனக்கு இன்னா தெரியும்?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். டீக்கடை அக்கா என் முதுகில் விழுந்திருந்த வேப்பிலைகளைத் தட்டிவிட்டார். கூட்டம் கலைந்தது. டிரைவர் மட்டும் போகவில்லை.

"மேடம், இன்னா மாதிரி வலி?"

"இடுப்புலேர்ந்து கால் வரைக்கும்."

"கரண்ட் அடிக்கிற மாதிரியா?"

"அதேதான்."

அவர் முகம் மலர்ந்தது. தன் சொந்த ஊர்க்காரரை வெளியூரில் பார்த்தவர் போல. "எனக்கும் அதேதான் மேடம்! எடது காலு. வூட்ல சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. சோம்பேறித்தனம்னு சொல்றா எம் பொண்டாட்டி." செல்வம் என்று பெயர் சொன்னார். என் பாயைப் பார்த்தார். "நானும் ஒரு தபா படுத்துப் பாக்கட்டா?"

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும். எல்லாருக்கும் ஒரே எக்சர்சைஸ் ஒத்துக்காது" என்றேன். ரகு அதையே இன்னும் நீளமாகச் சொன்னார். பிரதீபாவின் கிளினிக்கில் எனக்காகக் காத்திருந்து காத்திருந்து அவர் பாதிப் பிசியோதெரபிஸ்ட் ஆகியிருந்தார். "சும்மா குப்புறப் படுங்க, போதும். ஒண்ணும் தூக்க வேண்டாம். கால்ல வலி கூடினா உடனே எழுந்துடணும்."

செல்வம் படுத்தார். கன்னத்தைப் பாயில் வைத்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டார். "யப்பா. இப்டி ஒரு வாட்டி படுத்து எத்தினி நாளாச்சு."

"அண்ணா, வண்டியை எடுங்கண்ணா!" என்று ஷேர் ஆட்டோவிலிருந்து குரல்கள். ஒரு பெண், கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்க, இறங்கி வந்து பார்த்தாள். "நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதான் அக்கா. எனக்கும் இங்க புடிச்சுக்குது" என்று இடுப்பைக் காட்டினாள். டீக்கடை அக்கா ஒரு சாக்கை உதறி விரித்தார். அந்தப் பெண்ணும் படுத்தாள். நான் என் மிச்சத்தை முடிக்க அவர்களுக்கு நடுவில் படுத்தேன். ரகு டீயோடு எங்கள் தலைமாட்டில் நின்று, "மூச்சை இழுங்க... விடுங்க..." என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மினி லாரி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி அலறினார்: "ஐயையோ! எத்தினி பேருப்பா?"

செல்வம் பாயில் கிடந்தபடியே கையை ஆட்டினார். "அடிபடலைப்பா, நீ போ. இது வைத்தியம்."

டீக்கடை அக்கா சிரித்த சிரிப்பில் வடை கருகிப்போயிற்று. அந்தக் கருகிய வடைகளை எங்களுக்கே கொடுத்தார், காசு வாங்கவில்லை.

கடல்

கோவளம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. வண்டியை நிறுத்தி, நானே காலைத் தூக்கிப் போட்டு இறங்கினேன். இடுப்பில் ஒரு மந்தமான வலி இருந்தது. காலில் எதுவும் இல்லை. வலி என்னை விட்டுப் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இன்றும் மழைக்காலத்தில் வந்து எட்டிப் பார்க்கிறது. எங்கே உட்காரவைக்க வேண்டும், எப்போது அனுப்பிவைக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஈர மணலில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தேன். ரகு பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அலையில் நின்றார். அப்போது போன் அடித்தது. பத்மா அண்ணி.

"வீட்டுக்கு வந்தேன், பூட்டிக் கிடக்கு. எங்க இருக்க சாந்தி? படுத்திருக்க வேண்டாமா நீ?"

"படுத்துட்டுத்தான் இருக்கேன் அண்ணி."

"என்னடி சத்தம் அது, ஓன்னு?"

நான் போனைக் கடலை நோக்கி நீட்டினேன். ஒரு பெரிய அலை வந்து உடைந்தது. திரும்பக் காதில் வைத்துக்கொண்டேன். திட்டு வருவதற்குக் காத்திருந்தேன்.

"கோவளமா?" என்றார் அண்ணி கடைசியில்.

"ஆமா."

"வண்டியிலயா போனீங்க?"

"ஆமா அண்ணி."

பிறகு, வேறு யாருடைய குரலோ போல, தயங்கித் தயங்கி: "நான் கடல் பார்த்தே ரொம்ப வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரர் இருக்கும்போது போனது. பின்னாடி உட்கார ரொம்பப் பயமா இருக்குமா சாந்தி?"

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, அண்ணி எங்கள் வாசலில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால்தான் என் முதுகுக்கு ஆகும் என்று சொல்லியிருந்தேன். வாழ்நாளில் முதல்முறையாகச் சுடிதார் போட்டிருந்தார். கத்தரிப்பூ நிறம். துப்பட்டாவைச் சுருட்டி இடுப்பில் இறுக்கக் கட்டியிருந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரகுவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ரகு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

வண்டலூர் வரை என் இடுப்பைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தார். கேளம்பாக்கம் சாலையில் திரும்பியதும் சத்தம் நின்றது. பயந்து மயங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் அண்ணியின் கண்கள் பெரிதாக விரிந்திருந்தன. இரண்டு பக்கமும் மரங்கள் பின்னால் ஓடின. அவர் கைகள் என் இடுப்பை விட்டுவிட்டு, சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டன.

முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் பின் ஜன்னலில் ரகு தெரிந்தார், எங்களைப் பார்த்துக் கையசைத்தபடி.

"சாந்தி," என்று அண்ணி என் காதருகே கத்தினார். "என்னடி உருட்டிக்கிட்டு இருக்க? அவனை ஓவர்டேக் பண்ணு!"